கதிர் பட்டால் திறக்கும் மருந்துக்குக் காத்திருக்கலாமா, இன்றே சிகிச்சையைத் தொடங்கலாமா?

தொண்டையில் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்த வாரத்தில் வீட்டில் எல்லார் கையிலும் ஃபோன்தான். மகன் ஒரு செய்தியைக் கண்டுபிடிப்பார், மருமகள் ஒரு வீடியோவைக் காட்டுவார். அந்தத் தேடலில் இப்போது அடிக்கடி சிக்கும் சேதி இது: மருந்து உடம்பெல்லாம் சுற்றினாலும் செயல்படாமல் இருக்கும், கதிர்வீச்சு படும் இடத்தில் மட்டும் திறந்துகொண்டு கட்டியைத் தாக்கும், அதனால் வாந்தியும் சிறுநீரகப் பாதிப்பும் இருக்காது. சேலத்தில் கதிர் சிகிச்சைக்குத் திட்டம் போடும் இயற்பியலாளராக வேலை பார்க்கிறேன். "சார், அந்த மருந்து வர்ற வரைக்கும் ரெண்டு மாசம் பொறுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு வராந்தாவில் நின்றுகொண்டு பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காத்திருக்க வேண்டாம். கதிரும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேர்ந்த இன்றைய சிகிச்சையைத் தாமதமில்லாமல் தொடங்கி, ஒரு நாளும் விடாமல் முடிப்பதுதான் இப்போதைக்குக் கூடுதல் உயிர்களைக் காக்கும் வழி. ஆனால் அந்தப் புதிய மருந்து வெறும் வாட்ஸப் வதந்தியும் இல்லை. அதில் உண்மையான அறிவியல் இருக்கிறது. அது எங்கே நிற்கிறது, ஏன் இன்னும் நம் மருத்துவமனைக்கு வரவில்லை என்று தெரிந்தால் முடிவெடுக்கும்போது மனசுக்கு உறுத்தல் இருக்காது.

ஒரு எல்லை போட்டுக்கொள்கிறேன். இங்கே சொல்வது தொண்டை, குரல்வளைப் பக்கம் வரும், பரவாத ஆனால் வளர்ந்துவிட்ட புற்றுநோயைப் பற்றி. கன்னத்தின் உள்பக்கம், நாக்கு என்று வாய்க்குள் வந்தால் பெரும்பாலும் முதலில் அறுவை சிகிச்சை, அப்புறம்தான் கதிர். அந்தக் கணக்கு வேறு.

இன்று கையில் இருப்பது

கதிர் சிகிச்சை, நம் ஊர்ப் பேச்சில் கரண்ட் வைப்பது, திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 2 கிரே (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு), 35 நாள், மொத்தம் 70 கிரே. ஏழு வாரம். அதோடு சிஸ்பிளாட்டின் டிரிப்ஸ் வழியாக ஏற்றப்படும். சிஸ்பிளாட்டின் பழைய மருந்து. 1978இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பழசு என்பதால் மலிவு, பழசு என்பதால் அதன் நல்லது கெட்டது இரண்டும் நன்றாகத் தெரியும். கதிரோடு கீமோவையும் ஒரே காலத்தில் கொடுத்தால், கதிர் மட்டும் கொடுப்பதைவிட ஐந்தாம் ஆண்டில் உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்கு ஆறு ஏழு பேர் அதிகம். பல ஆயிரம் நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த பகுப்பாய்வின் கணக்கு இது, துல்லியமாகச் சொன்னால் 6.5 சதவீதம். எழுபது வயது தாண்டியவர்களுக்கு அந்த லாபம் தெரியவில்லை என்பதையும் அதே பகுப்பாய்வு சொல்கிறது.

இதில் குடும்பங்கள் அதிகம் குழம்பும் இடம் மூன்று வாரத்துக்கு ஒருமுறையா, வாரா வாரமா என்பது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம். ஒரே தடவையில் பெரிய அளவு. அன்றைக்கு நிறைய திரவம் ஏற்ற வேண்டும், சிறுநீரகம், காது இரண்டையும் கவனிக்க வேண்டும், வாந்தி கடுமையாக இருக்கும். வாரா வாரம் என்றால் அளவு குறைவு, பெரும்பாலும் பகல் வார்டிலேயே ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 300 பேரிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், வாரம் அதே கணக்கில் 30 மில்லிகிராம் கொடுத்தவர்களில் 58.5 சதவீதத்தினருக்கு இரண்டு ஆண்டு கழித்தும் நோய் அதே இடத்தில் திரும்பாமல் இருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை 100 கொடுத்தவர்களிடம் அது 73.1 சதவீதம். பக்க விளைவும் அவர்களுக்குத்தான் அதிகம். அதற்கப்புறம் வாரம் 40 மில்லிகிராம் என்று உயர்த்திக் கொடுத்துப் பார்த்தார்கள். அறுவை முடிந்தவர்களிடம் ஜப்பானில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில் அது மூன்று வார முறைக்குக் கொஞ்சமும் குறையவில்லை. இந்தியாவில் நடந்த இன்னொரு ஆய்வும் அதையே சொன்னது. ஆகவே வாரா வாரம் என்று மருத்துவர் சொன்னால் அதைக் குறைவான சிகிச்சை என்று நினைக்க வேண்டாம். எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுநீரகம் பலவீனமானவர்கள், காது கேட்காதவர்கள் என்று சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியாதவர்கள் நம்மிடம் நிறைய. ரொம்ப நாளாக அவர்களுக்குக் கதிர் மட்டும் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். டாடா மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 356 பேரிடம் வாரம் ஒரு சிறிய அளவு டோசிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்தைக் கதிரோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாம் ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் 41.7 சதவீதத்திலிருந்து 50.8 ஆக உயர்ந்தார்கள். வாய்ப்புண் அதிகமாகிறது, விழுங்குவது சிரமமாகிறது, ஆனாலும் இந்த முடிவு என்னைப் பொறுத்தவரை பெரிய விஷயம். நம் நாட்டு நோயாளிகளிடம், நம் நாட்டு மருத்துவர்கள், ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிற மருந்தை வைத்துக் காட்டிய முடிவு இது. "அப்பாவுக்குக் கிரியேட்டினின் கூட, அதனால் கீமோ இல்லை" என்று சொல்லப்பட்டவர்கள் டோசிடாக்சல் பெயரைச் சொல்லி ஒரு தடவை கேட்கலாம்.

புதிய மருந்து எப்படித் திறக்கிறது

கதிர்வீச்சு நேராகப் போய்ப் புற்றுச் செல்லைச் சுடுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். எக்ஸ் கதிரின் ஆற்றல் முதலில் தண்ணீரைத்தான் உடைக்கிறது. அதிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள் என்ற தீவிரமாக வினைபுரியும் துணுக்குகளும், தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்த தனி எலக்ட்ரான்களும் பிறக்கின்றன. கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு துளிகூட இவை உயிரோடு இருப்பதில்லை, அதற்குள் பக்கத்தில் இருப்பதோடு வினைபுரிந்துவிடும். டி.என்.ஏ. அறுபடுவதில் பாதிக்கு மேல் இவற்றின் வேலை.

வேதியியலாளர்கள் யோசித்தது இதுதான். கடுமையான ஒரு மருந்தின் செயல்படும் முனையில் ஒரு சிறு மூலக்கூறை மூடியாக ஒட்டிவிட்டால் மருந்து வேலை செய்யாது. அந்த மூடியை இந்த எலக்ட்ரானோ ரேடிக்கலோ மோதினால் மட்டும் கழன்றுகொள்ளும்படி செய்துவிட்டால், கதிர் படும் இடமே மருந்து திறக்கும் இடமாகிவிடும். சீனாவில் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் லியூ ஜிபோ என்பவரின் குழு எலக்ட்ரானால் திறக்கும் வகைகளையும், கதிர் பட்டதும் செயல்படும் வடிவத்துக்கு மாறும் பிளாட்டின மருந்துகளையும் எலிகளிடம் காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் ஆய்வாளர்கள் எம்.எம்.ஏ.இ. என்ற கொடிய நச்சை இப்படி மூடிபோட்டுத் திறந்து காட்டினார்கள். அதே எம்.எம்.ஏ.இ., ஆன்டிபாடியோடு (புற்றுச் செல்லைத் தேடி ஒட்டும் புரதம்) இணைத்த வடிவில் 2011 முதல் நிணநீர்ப் புற்றுநோய்க்குப் பயன்பாட்டில் இருக்கிறது. நேரடியாக உடம்பில் ஏற்ற முடியாத அளவுக்கு வீரியம் கொண்டது.

இந்த யோசனையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று உண்டு. கட்டியின் நடுப்பகுதியில் ரத்த ஓட்டம் குறைவு, ஆக்சிஜன் குறைவு. ஆக்சிஜன் இல்லாத செல்களைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவைப்படும். கதிர் சிகிச்சை தோற்கும் முக்கியமான இடம் அதுதான். ஆனால் அந்த எலக்ட்ரானைப் பிடித்து வீணாக்குவதும் ஆக்சிஜன்தான். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் எலக்ட்ரான் கொஞ்சம் கூடுதலாகத் தப்பிப் பிழைத்து மூடியைத் திறக்கும். அதாவது கதிர் தோற்கிற அதே இடத்தில் மருந்து நன்றாகத் திறக்கும். நான்கு பேராக உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிடப் பொருத்தமான ஜோடியைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சரி, தடை எங்கே? கணக்கில்தான். இந்தக் கணக்கை யாரும் செய்திகளில் போடுவதில்லை என்பதால் இங்கே போட்டுவிடுகிறேன். ஒரு கிலோ தண்ணீரில் ஒரு கிரே கதிர், அதாவது ஒரு ஜூல் ஆற்றல், சுமார் 0.28 மைக்ரோமோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) எலக்ட்ரான்களையும் ஏறக்குறைய அதே அளவு ஹைட்ராக்சில் ரேடிக்கல்களையும் உண்டாக்கும். ஒரு நாளைக்கு நாம் கொடுக்கும் 2 கிரேயில் லிட்டருக்கு அரை மைக்ரோமோலுக்குக் கொஞ்சம் கூட. எல்லா எலக்ட்ரானும் மருந்தின் மூடியையே மோதினாலும், ஒரு மோதலுக்கு ஒரு மூடி என்று வைத்தால், அன்றைக்குத் திறக்கக்கூடிய மருந்து அவ்வளவுதான். செல்லுக்குள் புரதம், வைட்டமின், ஆக்சிஜன், டி.என்.ஏ. என்று எல்லாமே, ஏற்காடு பஸ் வந்ததும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, அந்த எலக்ட்ரானைப் பிடிக்க முந்துகின்றன. மருந்துக்குக் கிடைப்பது மிச்சம்.

சிஸ்பிளாட்டின் போன்ற மருந்து செல்லைக் கொல்ல மைக்ரோமோல் கணக்கில் வேண்டும். மிச்சத்தில் திறக்கும் அளவு அதற்குப் போதாமல் போகலாம். அதனால்தான் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான நானோமோல் அளவிலேயே கொல்லக்கூடிய எம்.எம்.ஏ.இ. போன்ற நச்சுகளைத் தேடிப் போகிறார்கள். அங்கே வேறு ஆபத்து. மூடி கதிர் இல்லாமலே, கல்லீரல் நொதி பட்டோ ரத்தத்தில் தானாகவோ, நூற்றில் ஒரு பங்கு கழன்றாலும் உடம்பெல்லாம் நச்சு. கதிர் பட்டால் உடனே திறக்க வேண்டும், படாவிட்டால் நாள் கணக்கில் மூடியே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூலக்கூறில் கொண்டுவருவதுதான் இந்தத் துறையின் பத்தாண்டுப் போராட்டம்.

இன்னொன்றை என் வேலை சார்ந்து சொல்ல வேண்டும். "கட்டியில் மட்டும் திறக்கும்" என்று செய்தியில் வருவது முழு உண்மை இல்லை. கதிர் போகும் வழியெல்லாம் திறக்கும். தொண்டைக்குக் கதிர் கொடுக்கும்போது உமிழ்நீர்ச் சுரப்பி, நாக்கின் அடிப்பகுதி, தோல், தண்டுவடம் எல்லாவற்றுக்கும் ஓரளவு போய்ச் சேர்கிறது. தண்டுவடம் 45 கிரேயைத் தாண்டாமலும், உமிழ்நீர்ச் சுரப்பியின் சராசரி 26 கிரேக்குள் நிற்கும்படியும் பார்த்துப் பார்த்துத் திட்டம் போடுகிறோம். கதிரின் வீரியத்தை இடத்துக்கு இடம் மாற்றிக் கொடுக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறையில் கட்டியைச் சுற்றிக் கதிர் நன்றாக வளைந்துகொடுக்கும், ஆனால் குறைந்த அளவுக் கதிர் கழுத்து முழுக்கப் பரவும். மருந்தும் அந்தப் படத்தின்படியே திறக்கும். ஏற்கெனவே நான்காவது வாரத்தில் எச்சில்கூட விழுங்க முடியாத வாய்ப்புண் வருகிறதே, அதே சளிச்சவ்வில் இந்த நச்சும் திறந்தால் என்ன ஆகும் என்பது மனிதர்களிடம் பார்த்தால்தான் தெரியும். சிஸ்பிளாட்டினுக்கு ஒரு கூடுதல் வேலையும் உண்டு: கதிர் வட்டத்துக்கு வெளியே நுரையீரலில் ஒளிந்திருக்கும் புற்றுச் செல்களையும் அது போய்த் தொடும். கதிர் பட்டால் மட்டும் திறக்கும் மருந்து அதைச் செய்யாது.

எலிக்குக் கதிர் கொடுப்பது ஓரிரு தடவை. மனிதருக்கு 35 நாள். அத்தனை நாளும் கட்டிக்குள் போதுமான மூடிபோட்ட மருந்து இருக்க வேண்டும். தினமும் ஊசியா, அல்லது ரத்தத்தில் நாள்கணக்கில் தங்கும்படி ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு ஒட்டவைப்பதா என்று இப்போது முயன்றுகொண்டிருக்கிறார்கள். இந்த வகையில் எந்த மருந்தும் இதுவரை விற்பனைக்கு அனுமதி பெறவில்லை. "ரெண்டு மாசம்" என்பதற்கு என் பதில் இதனால்தான் இவ்வளவு உறுதியாக இருக்கிறது. கட்டி அந்த இரண்டு மாதமும் சும்மா இருக்காது. தலை கழுத்துப் புற்றுநோயில் கதிர் சிகிச்சை தொடங்க நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் சுமார் 9 சதவீதம் கூடுகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு யோசனைகள்

இதே மாதிரியான வேறு யோசனைகளும் செய்திகளில் இதோடு கலந்துதான் வருகின்றன. ஹாஃப்னியம் ஆக்சைடு நுண்துகளைக் கட்டிக்குள்ளேயே ஊசியால் போட்டு, அங்கே கதிரின் தாக்கத்தைப் பெருக்குவது ஒன்று. அது மருந்தைத் திறப்பதில்லை, கதிரையே வலுவாக்குகிறது. தசை, கொழுப்புப் பகுதியில் வரும் சார்கோமாவில் 180 பேரிடம் பார்த்ததில், அறுவைக்கு முன் கட்டி ஏறக்குறைய முழுதாகச் செத்திருந்தவர்கள் 8 சதவீதத்திலிருந்து 16 ஆனார்கள். 2019இல் ஐரோப்பிய அனுமதியும் கிடைத்தது. சிஸ்பிளாட்டின் தாங்காத முதியவர்களின் தலை கழுத்துப் புற்றுநோயில் அதன் பெரிய ஆய்வு 2022இல் தொடங்கியது. மனிதர்களிடம் வெகுதூரம் வந்துவிட்ட யோசனை என்று பார்த்தால் இதுதான் முன்னால் நிற்கிறது. ரத்தம் வழியாக ஏற்றும் நுண்துகள்களில் சராசரியாக 0.7 சதவீதம்தான் கட்டியைப் போய்ச் சேர்கிறது என்று 2016இல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. நேராகக் கட்டிக்குள் ஊசி போடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெப்பத்தால் திறக்கும் கொழுப்புக் குமிழிகள் இன்னொன்று. டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தை உள்ளே வைத்து, கட்டியைச் சூடாக்கினால் 40 டிகிரிக்குச் சற்று மேலே குமிழி திறக்கும். கல்லீரல் புற்றுநோயில் முதலில் 701 பேர், அடுத்து 556 பேர் என்று இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. எலிகளிடம் அற்புதமாக வேலை செய்தது, இரண்டு ஆய்வுகளிலும் மனிதர்களின் ஆயுளைக் கூட்டியதாகக் காட்ட முடியவில்லை. ஒளியால் தூண்டும் சிகிச்சைக்கு ஜப்பான் 2020இல் அனுமதி கொடுத்தது, அறுக்க முடியாத தலை கழுத்துப் புற்றுநோய்க்கு. ஒளி சில மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒரு சென்டிமீட்டர் அளவுதான் திசுவுக்குள் போகும் என்பதால் கட்டிக்குள் ஒளியிழையைக் குத்தி விட வேண்டும். எக்ஸ் கதிருக்கு அந்தத் தடை இல்லை, எவ்வளவு ஆழத்துக்கும் போகும். கதிரால் திறக்கும் மருந்துக்கு ஆய்வாளர்கள் இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் அந்த ஒரு வசதிதான்.

ஒரு பழைய ஆய்வு சொன்னது

டிராபசமின் என்று ஒரு மருந்து இருந்தது. ஆக்சிஜன் குறைந்த செல்லுக்குள் போனால் மட்டும் நச்சாக மாறும். யோசனையின் அழகில் இன்றைய மூடி மருந்துக்கு அண்ணன். தலை கழுத்துப் புற்றுநோயாளிகள் 861 பேரைப் பல நாடுகளில் சேர்த்து, பாதிப் பேருக்குக் கதிரும் சிஸ்பிளாட்டினும், மீதிப் பேருக்கு அதோடு டிராபசமினும் கொடுத்தார்கள். 2010இல் முடிவு வந்தது. இரண்டாம் ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் 65.7 சதவீதம், 66.2 சதவீதம். வித்தியாசமே இல்லை.

அதே ஆய்வில் எல்லாருடைய கதிர் சிகிச்சைத் திட்டத்தையும் நிபுணர்கள் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். சுமார் எட்டில் ஒருவரின் திட்டத்தில், கட்டியின் ஓரம் விடுபட்டது, அளவு குறைந்தது என்று நோயைக் கட்டுப்படுத்தாமல் போகும் அளவுக்குப் பெரிய குறை இருந்தது. திட்டம் சரியாக இருந்தவர்களில் இரண்டாம் ஆண்டில் 70 சதவீதம் பேர் இருந்தார்கள். பெரிய குறை இருந்தவர்களில் 50 சதவீதம். மருந்து ஏற்படுத்தாத வித்தியாசத்தைத் திட்டம் ஏற்படுத்தியது. இந்த வேலைக்கு வந்த புதிதில் இதைப் படித்தேன். ஒவ்வொரு திட்டத்தையும் கையெழுத்திடும் முன் இன்னொரு முறை பார்க்கும் பழக்கம் அதிலிருந்து வந்ததுதான்.

எந்த ஊரில் சிகிச்சை எடுப்பது என்ற கேள்விக்கு இந்த ஆய்வுதான் அளவுகோல். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் கேளுங்கள்: கழுத்துக்கு ஐ.எம்.ஆர்.டி. செய்கிறீர்களா, திட்டத்தை இரண்டாவது மருத்துவர் பார்க்கிறாரா, மெஷின் பழுதானால் மாற்று ஏற்பாடு என்ன, வாய்ப்புண் வந்தால் மூக்கு வழியாக உணவு கொடுக்கும் ரைல்ஸ் ட்யூப் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா? நான்குக்கும் திருப்தியான பதில் சேலத்திலேயே கிடைத்தால் சென்னைக்கு 340 கிலோமீட்டர் போக வேண்டிய அவசியம் இல்லை. கிடைக்காவிட்டால் வேலூர், கோவை, சென்னை அடையாறு என்று போவதில் எனக்கு மறுப்பே இல்லை. கோவை 170 கிலோமீட்டருக்குள் இருந்தாலும் தினமும் போய்வர முடியாது, அங்கேயே ஏழு வாரம் தங்க வேண்டும். வாடகை, சமையல், கூட இருப்பவரின் கூலி இழப்பு எல்லாம் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்ளும், அறை வாடகையைப் பார்த்துக்கொள்ளாது. ரயிலில் போவதென்றால் புற்றுநோயாளிக்கும் கூட வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, மருத்துவமனைச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

மலையிலிருந்து வருகிறவர்களுக்கு

ஏற்காடு மலையில் நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடைப் பக்கமிருந்து வருகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காபித் தோட்ட வேலையில் இருக்கும் குடும்பங்கள். ஏற்காட்டிலிருந்து சேலம் முப்பது கிலோமீட்டர்தானே, தினமும் வந்துபோகலாம் என்றுதான் தொடங்குவார்கள். முதல் இரண்டு வாரம் முடியும். சிஸ்பிளாட்டின் ஏற்றிய மறுநாள் இருபது கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸில் ஏறி இறங்கிப் பாருங்கள். நல்ல உடம்புக்கே குமட்டும். நான்காம் வாரத்தில் தண்ணீர் குடிப்பதே வலி என்றாகும்போது, ஒரு நாள் விட்டுவிட்டு மறுநாள் வரலாமே என்று தோன்றும். அங்கேதான் நஷ்டம். கதிர் சிகிச்சையின் பிற்பகுதியில் மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் வேகமாகப் பெருகத் தொடங்கும். சிகிச்சை ஒரு நாள் நீண்டால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் மேல் குறைகிறது. ஐந்து நாள் விட்டால், சிஸ்பிளாட்டினால் கிடைத்த லாபம் முழுக்கக் கரைந்துபோகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் இன்னொரு சிக்கல். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து வழி அடைபட்டது. குப்பனூர் வழி சுற்றி வரலாம்தான், ஆனால் ரைல்ஸ் ட்யூப் போட்ட உடம்போடு அது நடக்கிற காரியமா? அதனால் நான் பிடிவாதமாகச் சொல்வது: இரண்டாவது வாரம் முடிவதற்குள் கீழே தங்க இடம் பார்த்துவிடுங்கள். கோரிமேடு, அடிவாரம் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் போதும், இல்லையென்றால் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துக்கொள்வார்களா என்று முதல் நாளே கேளுங்கள். காபி பறிப்பு முடியட்டும், பொங்கலுக்கப்புறம் தொடங்கலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களிடம் எனக்கு வருத்தம்தான் வருகிறது, கோபம் வருவதில்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கிடைக்கும் கூலிதான் அவர்களுக்கு வருஷம். ஆனாலும் பறிப்புக்கு வேறு ஆளைப் பார்க்கலாம், ஏழு வாரத்தை வேறு யாரும் தர முடியாது.

ஆய்வில் சேரக் கூப்பிட்டால்

கதிரால் திறக்கும் மருந்தோ, கதிரைப் பெருக்கும் துகளோ, நாளைக்கே பெரிய ஊர் மருத்துவமனை ஒன்றில் மனித ஆய்வாக வரலாம். கூப்பிட்டால் போவதா? நான் போகச் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. வழக்கமான கதிரும் சிஸ்பிளாட்டினும் முழுதாகக் கொடுத்து, அதற்கு மேல் புதியதைச் சேர்க்கும் ஆய்வாக இருந்தால் இழப்பு குறைவு. சிஸ்பிளாட்டினை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் ஆய்வு என்றால், நோயாளிக்குச் சிஸ்பிளாட்டின் ஏற்கெனவே ஒத்துவராத நிலையில் மட்டும் யோசிக்கலாம். முதல் கட்ட ஆய்வு என்றால் எவ்வளவு அளவு தாங்கும் என்று பார்ப்பதுதான் அதன் நோக்கம், குணமாக்குவது இல்லை. இதை யாரும் ஒளிக்க மாட்டார்கள், படிவத்தில் எழுதியிருக்கும், பொறுமையாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இந்தியாவில் எந்த மருந்து ஆய்வும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசு இணையப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். 2009 முதல் இது கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு, தேடிப் பாருங்கள், கட்டணம் இல்லை. ஆய்வு மருந்துக்குக் காசு கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 2019ஆம் ஆண்டின் விதிகளின்படி ஆய்வினால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் நடத்துபவரின் பொறுப்பு. நடுவில் விலகும் உரிமையும் உண்டு, விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது. இதையெல்லாம் சொல்லாமல், வெளிநாட்டு மருந்து, நானோ மருந்து, பக்க விளைவே இல்லை என்று லட்சங்களில் பேசுகிறவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். தாலியை அடகு வைத்து அங்கே போனவர்கள் திரும்பி வரும்போது கட்டி இரண்டு மடங்காகி இருப்பதைப் பார்க்க நேர்கிறது. அந்த வேதனையில்தான் கொஞ்சம் கடுமையாக எழுதுகிறேன்.

ஒரு நிலையில் மட்டும் என் பதில் மாறும். 70 கிரேயும் முடித்து, அப்புறம் அதே இடத்தில் நோய் திரும்பி, அறுவையும் செய்ய முடியாது என்றால், வழக்கமான வழிகள் குறுகிவிடுகின்றன. அப்போது புதிய ஆய்வுகளைத் தேடிப் போவது நியாயமான முடிவு. அங்கேயும் ஏற்கெனவே நிரூபித்த ஒன்றை முதலில் கேளுங்கள்: மெத்தோட்ரெக்ஸேட், செலகாக்சிப், எர்லோட்டினிப் மாத்திரைகளோடு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் (உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் மருந்து) சேர்த்துக் கொடுத்ததில், ஓராண்டு கழித்து இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆனதாக டாடா ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இந்த நிலைக்கு வந்தவர்கள் எந்த ஆய்வுக்குப் போனாலும், மறுபடி கதிர் கொடுக்க முடியுமா என்று கணக்குப் போட, முதல் சிகிச்சையில் எந்த இடத்துக்கு எத்தனை கிரே போனது என்ற முழு விவரம் வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும் "70 கிரே" என்ற ஒரு வரி அதற்கு உதவாது. சி.டி. ஸ்கேனும் திட்டமும் டோஸ் படமும் சேர்ந்த கோப்பை ஒரு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ சிகிச்சை முடியும் வாரத்திலேயே எழுதிக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் பத்திரமாக வைத்துவிடுங்கள்.